சுண்ணாம்பு தெளித்த அம்பாரம்

ஏழுமலை, அம்மா எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் பின்னால் லேத் மிஷின் ஓடுகிற சத்தம் பாதி, "சரிம்மா, சரிம்மா" என்று நீ சொல்வது மீதி. நான் சொன்னது எங்கே போனது என்று எனக்குத் தெரிவதில்லை. எழுதினால் நீ படித்துத்தான் ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பேத்தி பவித்ரா கல்லூரியில் எழுதி மீந்த நோட்டு ஒன்று இங்கே கிடந்தது. அதில் மூன்று நாளாக, விடிந்ததும் கொஞ்சம், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. மருமகள் சுமதி படிக்கட்டும். கல்யாணப் பெண் பவித்ராவும் படிக்கட்டும். உன் ஷெட்டில் மிஷினில் நிற்கிற நான்கு பேருக்கும் நீயே உட்கார்ந்து படித்துக் காட்டு. அவர்களுக்கு எதற்கு என்றால், இதில் அவர்கள் சோறும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் சுமதியும் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட வந்தீர்கள். உனக்குப் பிடிக்கும் என்று நண்டு வாங்கி வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, புதுச்சேரியில் ஏசி மண்டபம் பேசிவிட்டதாகவும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முழுப் பணத்தையும் கட்டப் போவதாகவும் சொன்னாய். பணம் ஏது என்று கேட்டேன். நண்டுக் காலைக் கடித்தபடியே, "ஆர்டர் அட்வான்ஸ் வந்திருக்குதும்மா. இரும்பு ராடைக் கடனுக்கு எடுத்துக்குவேன். பில்லு பாஸானதும் சரி பண்ணிடுவேன். ரெண்டு மாச ரொட்டேஷன்தான்" என்றாய். சுமதி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, உனக்கும் தெரிந்திருக்கும். நான் உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அப்போது வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்த நோட்டு.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் என்ன சொன்னாலும் நீ தாங்குவாய். சொந்தமாக லேத் போடுவதற்கு நீ பேங்கில் கடன் கேட்ட வருஷம், சொத்து என்ன இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். நாம் குடியிருக்கிற இடத்துக்குப் பட்டா கிடையாது. வேலை செய்த உப்பளம் சர்க்கார் நிலம், அதன் குத்தகையும் எப்போதோ நம் கையைவிட்டுப் போய்விட்டது. காட்டுவதற்கு உன் இரண்டு கைகள்தான் இருந்தன. பல மாதம் அலைந்தாய். கடைசியில் ஒருநாள் போன் செய்து, சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குச் சொத்து கேட்காமலே பேங்க் கடன் கொடுக்கும், கட்ட முடியாமல் போனால் அதில் பெரும்பங்குக்கு சர்க்காரே பொறுப்பு ஏற்றுக்கொள்ளும், அப்படி ஒரு திட்டம் இருக்கிறது, அதில் உனக்குக் கிடைத்துவிட்டது என்றாய். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மகனுக்கு சர்க்கார் ஜாமீன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு கோவிந்தம்மா பதறிப்போய், "ஜாமீனா? எந்த ஸ்டேஷன்லமா வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஒரு மூட்டை அரிசி கடன் வாங்கக்கூட யாரும் ஜாமீன் நின்றதில்லை. உனக்கு டெல்லியில் இருக்கிறவர்கள் நிற்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் முதுகு நிமிர்கிறது எனக்கு.

அப்புறம் ராணுவ வேலை வந்தது. நீ கடைந்து கொடுக்கிற இரும்பு பின் என் ஆள்காட்டி விரல் அளவுதான். ஒன்றை எடுத்துவந்து காட்டினாய். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அது ஏதோ வண்டிக்குள் போகிறது என்றாய். எந்த வண்டி, எந்த எல்லையில் ஓடுகிறது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் உன்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய கம்பெனிக்கு சர்க்கார் ஆர்டரோடு ஒரு பங்கு பணத்தை முன்னதாகவே கொடுத்துவிடுகிறது. கம்பெனி வேலையைப் பிரித்து உன்னைப் போன்ற சின்ன ஷெட்டுகளுக்குக் கொடுக்கிறது. வேலை பிரிந்து வருகிறது, பணம் பிரிந்து வருவதில்லை. நீ உன் காசில் இரும்பு வாங்கி, உன் காசில் கரண்ட் கட்டி, ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்து, பின்னைச் செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சின்னவர்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அப்படியானால் எழுதிப் போடேன் என்றேன். "புகார் குடுத்தா அந்தப் பில்லு வரும்மா. அடுத்த ஆர்டர் வராது" என்றாய். பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பேங்குகள் போட்டி போட்டுக்கொண்டு முன்கூட்டியே பணம் தருகிற ஏற்பாடும் இருக்கிறதாம். அதற்கும் பெரிய கம்பெனி, ஆமாம் இது நாங்கள் கொடுக்க வேண்டிய பணம்தான் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அந்தப் பொத்தானை அழுத்துகிற ஆள் எப்போதும் லீவில்தான் இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு நான் உப்பளத்தை வைத்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன். கழுவெளி உப்பங்கழித் தண்ணீர் முதலில் பெரிய தெப்பத்தில் நிற்கும். அங்கே சூடேறி, அடுத்த பாத்திக்கு வந்து, அங்கே கனமாகி, கடைசியில்தான் உப்பு பூக்கிற சின்னப் பாத்திக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மடை. தெப்பத்துக்காரன் மடையைத் திறக்காமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால், மேலே தளும்பிக்கொண்டிருக்கும்போதே கீழே பாத்தி வெடித்துப் போகும். சர்க்கார் தண்ணீர் விடவில்லை என்று சொல்ல முடியாது. விட்டுத்தான் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும்போதே, இதில் இவ்வளவு கீழே இருக்கிறவனுக்குப் போக வேண்டும், போனதற்குச் சீட்டு கொண்டுவா என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். இரண்டு வருஷம் கழித்து, போன மாதம், நீயே போன் செய்து, "அம்மா, மடையைத் தொறந்துட்டாங்க" என்றாய். இந்த ஆர்டரில் அந்த மாதிரி ஷரத்து இருக்கிறது, கம்பெனி வாங்கின முன்பணத்தில் உன் பங்கு தனிக் கணக்காக உனக்கே வந்துவிட்டது, இரும்பு வாங்க மட்டும்தான் அதை எடுக்க வேண்டும், எடுத்ததற்குச் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும் என்றாய். சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டேன். அந்தப் பணத்தைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை ரொட்டேஷன் என்று சொன்னாய்.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. உன் அப்பாவுக்கும் தெரியாது என்றுதான் முந்தாநாள் வரைக்கும் நினைத்திருந்தேன்.

நீ பத்தாவது முடித்த வருஷம் நமக்குச் சொந்தக் குத்தகையில் பாத்தி இருந்தது. நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வரப்பில் ஓடுவாய், காலில் உப்பு வெட்டி அழுவாய். மழை ஓய்ந்து மார்கழி கடைசியில் அளத்தைத் தயார் செய்ய வேண்டும். சேற்றை வழித்து, தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டு போல இறுக்க வேண்டும். அதற்குப் பத்து ஆள் கூலி வேண்டும். உப்பு விளைந்து விற்கிற வரைக்கும் நம் கையில் ஏது காசு? அதனால் வியாபாரி முன்பணம் கொடுப்பார். நமக்குக் கொடுத்தவர் காதர் பாய். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும், பேசுவதற்கு முன்னால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். அவர் முன்பணம் கொடுத்த அளத்தில் உப்பை வாரி அம்பாரமாகக் குவித்ததும், அவருடைய ஆள் வாளியில் சுண்ணாம்புத் தண்ணீரோடு வருவான். தென்னம்பாளையை நுனி நசுக்கி, அதில் தோய்த்து, அம்பாரத்தைச் சுற்றி ஒரு கோடு தெளித்துவிட்டுப் போவான். அவ்வளவுதான். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. இது பாய் பணத்தில் விளைந்தது, எடை போடுகிற வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். கொஞ்சம் உப்பை எடுத்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டை எங்கள் காலத்தில் ஒருவரும் தொட்டதில்லை. நான் தொட்டேன்.

திண்டிவனத்தில் ஐடிஐயில் உனக்கு லேத் பிடிக்கிற டர்னர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று கார்டு வந்தது. அப்பா, உன் பெரியப்பாவின் சாவுக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். காரியம் முடியாமல் வர முடியாது. நான் எங்கெல்லாம் கேட்டேன் என்பதை எழுதினால் நோட்டு பத்தாது. சனிக்கிழமை வெயில் ஏறின நேரம், அளத்தில் ஆள் இல்லை. விடியற்காலையில் வாரிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரோட்டில் ஒரு வெளியூர் வண்டி நின்றது. கருவாட்டுக்கு உப்பு வேண்டும், கையில் காசு என்றான். பன்னிரண்டு மூட்டை. அம்பாரத்தின் பின்பக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, சரிவைப் பழையபடி தட்டி, வீட்டுக்கு ஓடிப் போய், பொங்கலுக்குச் சுவரில் அடித்து மீந்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து எடுத்து வந்து உடைந்த கோட்டை ஒட்டவைத்தேன். நானும் அதே நினைப்புத்தான் நினைத்தேன், ஏழுமலை. ஒரு வாரத்தில் அடுத்த பாத்தியை வாரி ஈடு கட்டிவிடலாம் என்று. எனக்கு ரொட்டேஷன் என்கிற வார்த்தை மட்டும் தெரியாது.

பொங்கல் சுண்ணாம்பில், சுவர் பளிச்சென்று இருப்பதற்கு நீலம் கலப்போமே, அது என் புத்தியில் ஏறவில்லை. உச்சி வெயிலில் உப்புக்கு மேலே எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது. மறுநாள் விடியற்காலையில் வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். சுற்றிலும் பழுப்பேறின வெள்ளைக் கோடு, பின்பக்கத்தில் மட்டும் எட்டு முழத்துக்கு, வண்ணான் வெளுத்துப் போட்ட வேட்டி மாதிரி நீலம். அதன் மேல் என்னத்தைப் பூசுவது? அப்பா காரியம் முடித்து அன்று மாலையே வந்துவிட்டார். மறுநாள் அளத்துக்குப் போய் அம்பாரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். வந்து வரப்பில் உட்கார்ந்து, கஞ்சி ஊற்று என்றார். வருஷக்கணக்காக உப்பு வெளிச்சத்தில் நின்று கண் கூசிப்போன மனிதர், நீலம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். படிப்புக்குப் பணம் எங்கள் அண்ணன் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன் என்றார். அதற்குப் பிறகு உன் மாமா எப்போது வந்தாலும், படிப்புக்குக் கொடுத்த மச்சானாச்சே என்று இலையில் கறியை அள்ளி அள்ளி வைப்பார். உன் மாமா ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டே சாப்பிடுவார். உனக்கும் அது ஞாபகம் இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் காதர் பாய் எடை போட வந்தார். அம்பாரத்தைச் சுற்றி நடந்தார். நீலக் கோட்டுக்கு முன்னால் நின்று ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, இந்த வருசம் அம்பாரத்துக்கும் பொங்கல் கொண்டாடினியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எடை போட்டு, குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாய், காக்கி உடுப்பில் உன்னைப் பார்த்ததும் பன்னிரண்டு மூட்டையும் மறந்தே போனது.

அடுத்த மார்கழியில் அப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் காத்திருந்தார். பாய் வருகிற நாள் அது. இடதுபக்கத்து அளத்துக்கு வந்தார், பணம் கொடுத்தார். வலதுபக்கத்து அளத்துக்குப் போனார். நம் வரப்பில் காலே வைக்கவில்லை. அப்பா பின்னாலேயே போய்க் கேட்டதற்கு, கை இறுக்கம் என்று மட்டும் சொன்னாராம். ஆள் வைக்கக் காசில்லை. நானும் அப்பாவும் இரண்டு பேருமாக இரண்டு பாத்தியை மட்டும் மிதித்தோம். மற்றது அப்படியே கிடந்து வெடித்தது. அதற்கடுத்த வருஷம் குத்தகையை விட்டுவிட்டு, பக்கத்து அளத்திலேயே கூலிக்கு உப்பு வாரினோம். நம் பாத்தியை வேறொருவர் மிதிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே வாரினோம். அந்த வாழ்க்கையிலும் நல்ல நாட்கள் இருந்தன. நீ முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிவந்த ரப்பர் செருப்பு, அதைப் போட்டால் உப்பில் தேய்ந்துவிடும் என்று நான் கையில் தூக்கிக்கொண்டு நடந்தது, அப்பா அதைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் அந்த வரப்பில்தான். ஆனால் டீக்கடையில் யாராவது பேச்செடுத்தால் அப்பா, "பாய்க்கு என்மேல இன்னா கோவம்னே தெரியலியே" என்பார். ஒவ்வொரு தடவையும் என் காது எரியும். தன்னிடம் இல்லாத தப்பை அந்த மனிதர் தேடிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சாகிற வரைக்கும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் எதிரில் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். நீ அந்தப் பணத்தில் கை வைக்காதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

நீ போன பிறகு சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் பிடித்து மரக்காணம் கடைத்தெருவுக்குப் போய் காதர் பாய் வீட்டை விசாரித்தேன். இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் ஒன்று போய்விட்டது. கிராம்பு டப்பா கட்டிலிலேயே இருக்கிறது. அவர் மருமகள் டீ கொடுத்தாள். நான் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வண்டிக்காரன், பன்னிரண்டு மூட்டை, நீலம், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கிராம்பை எடுத்தார்.

"உன் வூட்டுக்காரரு அன்னிக்கே வந்து சொல்லிட்டாரே, தங்கச்சி" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"எடை போட்ட மறுநாளு என் கடைக்கு வந்தாரு. பாய், நான்தான் எடுத்தேன்னாரு. எத்தினி மூட்டைபா எடுத்தன்னு கேட்டேன். முழிச்சாரு. ஏம்பா, சுண்ணாம்புல நீலம் கலக்குறது பொம்பளைங்க வேலை, ஊர்ல இல்லாத ஆளு எப்பிடிக் கலந்தன்னு கேட்டேன். அளுதுட்டாரு. வூட்ல கேக்காதீங்க, அவளுக்கு நான் தெரிஞ்சிக்கிட்டது தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அதான் கேக்கல."

அப்படியானால் ஏன் பாய் அடுத்த வருஷம் கொடுக்கவில்லை, அவ்வளவு கோபமா என்று கேட்டேன். கோபம் இல்லை என்றார். அவர் நமக்குக் கொடுத்தது அவருடைய பணமே இல்லையாம். மெட்ராஸில் ஒரு முதலாளி இத்தனை மூட்டை என்று பேசி அவருக்கு முன்பணம் கொடுப்பாராம், அதைத்தான் அவர் பத்து அளத்துக்குப் பிரித்துக் கொடுத்தாராம். அந்த வருஷம் சொன்ன எடைக்கு உப்பு குறைந்து பாய் போய் நின்றபோது, முதலாளி அடுத்த வருஷத்துக்குப் பாதிதான் தருவேன் என்று சொல்லிவிட்டார். "பாதியை வெச்சிக்கினு பத்து பேருக்கு எப்பிடிக் குடுக்கறது? யாரை வுடறதுன்னு பாத்தேன். உங்க அளத்தோட இன்னும் நாலு பேரை வுட்டேன். அவங்க நாலு பேரும் ஒரு தப்பும் பண்ணல." இதைச் சொல்லிவிட்டு, டீ ஆறுகிறது, குடி என்றார். குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது அந்த நாலு பேரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் யார் என்றுகூட அவரிடம் நான் கேட்கவில்லை. நம் வீட்டுக்கு நேர்ந்தது நாம் செய்ததற்கு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் வரப்பிலும் யாரோ ஒரு மனிதர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்திருப்பார் இல்லையா? மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவர்களை நம்பி முதல் தடவையாக மடையைத் திறந்துவிட்டிருக்கிறார், ஏழுமலை. நீ ஒருவன் அந்தப் பணத்தை மண்டபத்தில் கொட்டிவிட்டு, இரும்பு வர நாளாகி, பின்களை அனுப்பத் தாமதமானால், பெரிய கம்பெனி உன் பெயரை மட்டும் எழுதாது. சின்ன ஷெட்காரனுக்கு முன்பணம் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதும். அப்புறம் எந்த சர்க்கார் எத்தனை திட்டம் போட்டாலும் மடை மூடிக்கொள்ளும். உன்னைப் போல பட்டா இல்லாத வீட்டில் பிறந்து, கையை மட்டும் வைத்துக்கொண்டு பேங்க் வாசலில் நிற்கிறவனுக்கு அது போய்ச் சேரும். அவன் யார் என்று உனக்குத் தெரியவே போவதில்லை.

இன்னொன்று. ராடைக் கடனுக்கு எடுத்துக்கொள்வேன் என்றாயே, கடனுக்குக் கொடுக்கிறவன் எதைக் கொடுப்பான் என்று யோசித்தாயா? கையில் காசு கொடுத்தவனுக்கு அம்பாரத்தின் மேல் உப்பைக் கொடுப்போம். கடனுக்கு வந்தவனுக்குச் சேறு கலந்த அடி உப்புதான். நான் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீ கொண்டுவந்து காட்டின அந்தப் பின்னை நம்பி யாரோ ஒரு தாயின் பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவன் உயிரைக் கடனுக்கு எடுக்காதே.

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. உன் கல்யாணத்தை நாம் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, டியூப் லைட் பாதி எரிந்து பாதி எரியாமல் நடத்தினோம். உன் பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறாய். ஆனால் சுமதியிடம் தனியாகக் கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை அவள் ஏன் எழுந்து போனாள் என்று கேள். பவித்ராவிடமும் கேள். ஏசி மண்டபம் வேண்டும் என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயா, தாத்தா ஏன் எப்போதும் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார் என்று சின்ன வயதில் அவள் என்னைக் கேட்பாள். அதற்குப் பதில் எனக்கே இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அதை அவளுக்கு நீ படித்துச் சொல்லு. உன் அப்பா நான் கேட்காமலே எனக்கு ஜாமீன் நின்றிருக்கிறார். டீக்கடையில் பாய் கோபத்தைப் பற்றி அவர் பேசினதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. இது தெரியாமல் அவரோடு எத்தனையோ நாள் கஞ்சியில் உப்பு கம்மி, கூட என்று சண்டை போட்டிருக்கிறேன்.

கல்யாணத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீடு பொம்மையார்பாளையம்தானே, அவர்களுக்கும் பஸ் நேராக வருகிறது. சம்பந்தியம்மாவிடம் நீ பேசு. நான் பேசினால் பெண் வீட்டுக் கிழவி மண்டபத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். பந்தல் போட வாசல் போதும், கோவிந்தம்மா வீட்டு வாசலும் சேர்த்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்ட பாவத்துக்கு அவள் பரிகாரம் பண்ணட்டும்.

சுண்ணாம்பு வாங்கி அண்டாவில் ஊற வைத்துவிட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு இந்த வீட்டுக்கு என் கையாலேயே வெள்ளை அடிக்கப் போகிறேன். நீலம் ஒரு பொட்டலம் ஜன்னலில் இருக்கிறது. அதை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீ மண்டபத்துக்குப் பணம் கட்டப் போகிற நாள். அதற்கு முன்னால் வியாழக்கிழமை உன் ஷெட் வாசலில் ராடு லாரி வந்து இறங்கட்டும். இறங்கினதும் எனக்குப் போன் செய். லேத்தை நிறுத்திவிட்டுச் செய். இறக்குகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் நீலம் கலப்பேன்.